பல்கலைக்கழகப் பணத்தில் ஃபுட்பால்: தொடரலாமா, நிறுத்தலாமா?

கட்டணரசீது எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு ஆராய்ச்சி மாணவன் நான். பெயர் வேண்டாம். நவம்பர் வந்தால் செவ்வாய், புதன் இரவுகளில் மட்டும் தொலைக்காட்சியில் தலைகாட்டும் வகை அணி எங்களுடையது என்றால் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

இந்த செமஸ்டர் கட்டணச் சீட்டை முதல்முறையாக வரி வரியாகப் படித்தேன். டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், எனக்குத் தள்ளுபடி, மற்ற கட்டணங்களுக்குத் தள்ளுபடி கிடையாது. அதில் மாணவர் வாழ்க்கைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறது. அது யாருடைய வாழ்க்கை என்று விசாரித்தேன். பெரும்பங்கு விளையாட்டுத் துறைக்கும், அதிலும் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் போகிறதாம். எனக்கு அது ஒரு மாத மளிகைக் காசு. இந்த நான்கு வருடத்தில் நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம், எங்கள் துறையில் ஓய்வுபெற்ற இரண்டு பேராசிரியர்களின் இடம் இன்னும் காலி. ஒரு மொழித் துறையை மூடப்போவதாகப் பேச்சு. ஃபுட்பாலுக்குப் பல்கலைக்கழகப் பணம் தொடர வேண்டுமா என்று ஆசிரியர் பேரவை அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறது. மாணவர்களும் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். ஆத்திரத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

(முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். அதைக் கால்பந்து என்று எழுத மனம் வரவில்லை.)

சும்மாசொல்றேன் எழுதியது:

கையால் பிடிக்கிறார்கள், தோளால் மோதுகிறார்கள், தலையில் அடி வாங்குகிறார்கள். பெயர் மட்டும் ஃபுட்பால். பெயர்க் கணக்கே இப்படி என்றால் பணக் கணக்கைக் கேட்கவா வேண்டும்?

ஏரிக்கரையான் எழுதியது:

தம்பி, உங்கள் எரிச்சல் நியாயம்தான். நானும் இங்கே மாணவனாக வந்து, அந்தக் கட்டணத்தைக் கட்டி, அப்போது திட்டியவன்தான். வந்து 28 வருடம் ஆகிறது. இப்போது சனிக்கிழமை என்றால் காலை பத்து மணிக்கே பல்கலைக்கழகச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதனால் நான் நடுநிலையானவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டுத் துறையைப் பல்கலைக்கழகத்தின் திண்ணை என்பார்கள் இங்கே. வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவனுக்குத் தெரியாது, திண்ணை மட்டும் கண்ணில் படும். 1984-இல் மயாமிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடியில் டக் ஃப்ளூட்டி வீசிய ஒரு பந்தில் பாஸ்டன் காலேஜ் 47-45 என்று ஜெயித்தது. அதற்குப் பிறகு அங்கே விண்ணப்பங்கள் குவிந்தன என்பதால், ஃப்ளூட்டி விளைவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் மார்ஷல். மேற்கு வர்ஜீனியாவில் ஹன்டிங்டன் என்ற சிறிய ஊரில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம். 1970 நவம்பர் 14 அன்று ஆட்டம் முடிந்து திரும்பும்போது விமானம் விழுந்து, அணி, பயிற்சியாளர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று 75 பேரும் இறந்துபோனார்கள். இனி ஃபுட்பாலே வேண்டாம் என்று அப்போதே விட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறு வருடமே புதுப் பையன்களை வைத்து இறங்கினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் சேவியர் பல்கலைக்கழக அணியை 15-13 என்று ஜெயித்தார்கள். அந்த ஊரில் போய், இதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

எல்லாவற்றையும் ரசீதில் பார்க்க முடியாது தம்பி.

ஐந்தொகை எழுதியது:

ஏரிக்கரையான் அண்ணா மார்ஷலைச் சொன்னதால் அதே வருடத்தின் இன்னொரு பாதியையும் சொல்லிவிடுகிறேன். மார்ஷலுக்கு ஆறு வாரம் முன்பு, 1970 அக்டோபர் 2 அன்று, விச்சிடா ஸ்டேட் அணி போன விமானம் கொலராடோ மலையில் மோதி 31 பேர் இறந்தார்கள். அதுவும் அரசுப் பல்கலைக்கழகம்தான். அவர்களும் அந்த சீசனிலேயே மீண்டும் ஆடினார்கள். ஆனால் கடன் ஏறி, கூட்டம் குறைந்து, 1986-இல் ஃபுட்பாலை நிறுத்திவிட்டார்கள். 2013-இல் அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. பல்கலைக்கழகமும் இருக்கிறது, திண்ணையும் இருக்கிறது. திண்ணையில் வேறு ஆட்டம், அவ்வளவுதான்.

நான் வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட் அலுவலகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். தம்பிக்கு இரண்டு விஷயம்.

முதல் விஷயம்: ஃபுட்பால் பணம் கொட்டும் தொழில் என்ற பேச்சு ஒரு சிறு கூட்டத்துக்குத்தான் பொருந்தும். மேல்தட்டான எஃப்பிஎஸ் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் கோவிடுக்கு முந்தைய கணக்குப்படி, விளையாட்டுத் துறை தானே சம்பாதித்த பணத்தில் தன் செலவை முழுதாகச் சமாளித்தவை சுமார் இருபத்தைந்துதான். ஓஹையோ ஸ்டேட், டெக்சஸ் மாதிரி ஆட்கள். மற்றவர்கள் எல்லோரும் மாணவர் கட்டணத்திலோ பல்கலைக்கழகப் பொது நிதியிலோ கைநீட்டித்தான் நிற்கிறார்கள். தொலைக்காட்சிக் காசும் சமமாக வருவதில்லை. 2023-இல் தொடங்கிய பிக் டென் கான்ஃபரன்ஸ் (பெரிய பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடச் சேர்ந்த கூட்டமைப்பு) ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல். செவ்வாய் இரவு ஆடும் அணிக்கு அந்தக் கடலிலிருந்து ஒரு சொட்டுகூட வராது.

இரண்டாவது விஷயம் உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் பல்கலைக்கழகம் காட்டும் நஷ்டத் தொகையையும் அப்படியே நம்பாதீர்கள். அண்மைக் காலம் வரை ஒரு எஃப்பிஎஸ் அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப் வரை அனுமதி இருந்தது. அந்த 85 பேரின் டியூஷனையும் தங்கும் செலவையும் விளையாட்டுத் துறை செலவாக எழுதும். அந்தப் பணம் எங்கே போகிறது? அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு பைக்கு. வலது பையில் எடுத்து இடது பையில் போட்டுவிட்டு, வலது பை காலி என்று அழுகிற கணக்கு. வகுப்பில் இடம் காலியாக இருந்தால் கூடுதலாக ஒரு மாணவன் உட்காருவதால் ஆகும் உண்மைச் செலவு, கணக்கில் எழுதும் டியூஷனைவிட மிகக் குறைவு. வெளிமாநில மாணவன் என்றால் டியூஷன் இரண்டு மூன்று மடங்கு. நஷ்டமும் அதற்கேற்ப ஊதிப்போகும்.

ஆக நஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. எது வெளியே போகும் பணம், எது உள்ளேயே சுற்றும் பணம் என்று பிரித்துக் கேளுங்கள். கோச் சம்பளம், விமானம், ஹோட்டல், மைதானக் கடன் எல்லாம் வெளியே போவது. ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் உள்ளே சுற்றுவது.

கட்டணரசீது எழுதியது:

அண்ணா, பேரவை சுற்றுக்கு விட்ட அறிக்கையை இப்போதுதான் திரும்பப் பார்த்தேன். எல்லாம் ஒரே தொகையாகத்தான் இருக்கிறது. நான் அந்தத் தொகையைப் பேராசிரியர் சம்பளத்தால் வகுத்து, இத்தனை பேரை நியமித்திருக்கலாம் என்று பேசத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

ஐந்தொகை எழுதியது:

நல்லவேளை. அப்படிப் பேசியிருந்தால் விளையாட்டுத் துறைக்காரர் அரை நிமிடத்தில் உங்களைக் கவிழ்த்திருப்பார்.

தென்றல்87 எழுதியது:

பெண்கள் பக்கத்தை யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன். என் மகள் கல்லூரியில் துடுப்புப் படகு அணியில் இருந்தாள்.

ஃபுட்பால்தான் மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் சோறு போடுகிறது என்பார்கள். உச்சியில் இருப்பவர்களுக்கு அது உண்மை. நடுவில் இருப்பவர்களிடம் பணம் குறையும்போது முதலில் யார் தட்டைப் பிடுங்குகிறார்கள் என்று பாருங்கள். 2018-இல் ஈஸ்டர்ன் மிச்சிகன் நான்கு அணிகளை நிறுத்தியது: மல்யுத்தம், ஆண்கள் நீச்சல், சாஃப்ட்பால், பெண்கள் டென்னிஸ். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், ஃபுட்பாலைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கலாம் என்று அங்கே ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து ஒரு அறிக்கை கொடுத்திருந்தார்கள். நிர்வாகம் அதைக் கேட்கவில்லை. ஃபுட்பால் தப்பித்தது, சின்ன அணிகள் போயின. இரண்டு பெண்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, டென்னிஸ் திரும்ப வந்தது. 2020-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலும் இதே கதை. நான்கு அணிகளுக்கு மூடுவிழா, அதில் பெண்கள் துடுப்புப் படகும் ஒன்று. அங்கேயும் வழக்கு, அங்கேயும் அணி திரும்ப வந்தது. ஃபுட்பால் மேல் யாரும் கை வைக்கவில்லை.

1972-இன் டைட்டில் நைன் சட்டம் இருப்பதால்தான் இவ்வளவாவது நடந்தது. பொதுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண், பெண் பார்த்து வாய்ப்பைக் குறைக்கக் கூடாது. ஒரு ஃபுட்பால் அணி என்றால் நூறு பையன்கள். அதற்கு ஈடாகப் பெண்களுக்கு அத்தனை பெரிய ஆட்டம் எதுவும் இல்லை. அதனால் துடுப்புப் படகு மாதிரி ஆள் அதிகம் வேண்டும் அணிகளை வைத்துத் தராசைச் சமன் செய்கிறார்கள். சோறு போடுவது யார், தட்டைக் காலி செய்வது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏரிக்கரையான் எழுதியது:

தென்றல் அம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தராசை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். நூறு பையன்களை எடுத்துவிட்டால், அவர்களுக்கு ஈடாக வைத்த பெண்கள் அணிகளை வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் தளர்ந்துவிடும். ஃபுட்பாலை நிறுத்தினால் மிச்சமாகும் பணம் டென்னிஸுக்கும் மொழித் துறைக்கும் ஓடி வரும் என்று நினைக்கிறீர்களா? நிர்வாகக் கட்டடத்தில் துணைத் தலைவர் பதவி இன்னும் இரண்டு முளைக்கும்.

தென்றல்87 எழுதியது:

அது நடக்கக்கூடியதுதான். மறுக்க மாட்டேன்.

சும்மாசொல்றேன் எழுதியது:

துணைத் தலைவர்களுக்குள் ஒரு ஆட்டம் வைத்தால் நான் டிக்கெட் எடுத்துப் பார்ப்பேன்.

நரம்புமருத்துவன் எழுதியது:

பணம் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பார்க்கும் பக்கம் வேறு.

2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபுட்பால் ஆடி இறந்த 202 பேரின் மூளைகளைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். கல்லூரி அளவில் ஆடியவர்கள் 53 பேர். அவர்களில் 48 பேருக்கு, தொடர்ந்து தலையில் அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற மூளைச் சிதைவு இருந்தது. இதை மேற்கோள் காட்டும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் கொடுத்தன. ஆகவே கல்லூரியில் ஆடும் பத்தில் ஒன்பது பேருக்கு இது வரும் என்று சொன்னால் தப்பு. எத்தனை பேருக்கு வரும் என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை. வருகிறது என்பதற்கு மட்டும் இருக்கிறது.

கல்வி நிலையம் தன் மாணவனின் மூளையைக் கூர்மையாக்குவதாகச் சொல்லிக்கொண்டு, அதே மாணவர்களில் நூறு பேரை வாரா வாரம் மோதவிட்டு அதற்குக் கட்டணமும் வசூலிக்கிறது. லாபமாகவே இருந்தாலும் எனக்கு இது உறுத்தும்.

ஏரிக்கரையான் எழுதியது:

டாக்டர், இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் பையன் பள்ளியில் ஆட வேண்டும் என்று கேட்டபோது நான் விடவில்லை. ஆனால் மற்றவர் வீட்டுப் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டுகிறேன். எழுதும்போது எனக்கே நன்றாக இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பையன்களில் நிறையப் பேர், ஃபுட்பால் இல்லையென்றால் அந்த வளாகத்துக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்கள். வீட்டில் முதல் பட்டதாரி ஆனவர்களை எனக்கு நேரில் தெரியும்.

கட்டணரசீது எழுதியது:

நிறுத்திய இடங்களில் பிறகு என்னதான் ஆயிற்று? யாராவது சொல்ல முடியுமா? எங்கள் ஊரில் ஃபுட்பால் போனால் பல்கலைக்கழகமே செத்துவிடும் என்று ஒரு கூட்டம், மறுநாளே நூலகம் விரிவடையும் என்று இன்னொரு கூட்டம்.

ஐந்தொகை எழுதியது:

நிறுத்தியவர்கள் பலர். வெர்மான்ட் பல்கலைக்கழகம் 1974-இல் நிறுத்தியது. டெக்சஸில் ஆர்லிங்டன் பல்கலைக்கழகம் 1985 சீசனோடு நிறுத்தியது. இன்று அங்கே 40,000 மாணவர்களுக்கு மேல். நெப்ராஸ்காவின் ஓமஹா 2011-இல். ஒருவரும் சாகவில்லை. நூலகம் விரிந்ததாகவும் கேள்விப்படவில்லை.

எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் யுஏபி, அதாவது பர்மிங்ஹாம் நகரில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகம். 2014 டிசம்பர் 2 அன்று, செலவு தாங்காது என்று அதன் தலைவர் ஃபுட்பாலை நிறுத்தினார். அந்த வருடம்தான் அணி ஆறு ஆட்டம் ஜெயித்திருந்தது. ஆலோசனை நிறுவனம் ஒன்றின் அறிக்கை அவர் கையில் இருந்தது. பிறகு பொருளாதார வல்லுநர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, நான் மேலே சொன்ன வலது பை, இடது பை சமாசாரத்தைத்தான் முதலில் பிடித்தார்கள். உண்மைப் பணத்தில் பார்த்தால் நஷ்டம் சொன்ன அளவுக்கு இல்லை என்றார்கள். இன்னொரு சிக்கலும் வந்தது. ஃபுட்பால் இல்லாத பல்கலைக்கழகத்துக்கு அவர்களுடைய கான்ஃபரன்ஸில் இடமில்லை; கூடைப்பந்தும் சேர்ந்து வெளியே போக வேண்டும். அணி போனால் அதோடு என்னென்ன போகும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காததால் வந்த வினை.

ஆறே மாதத்தில், 2015 ஜூன் 1 அன்று, முடிவைத் திரும்பப் பெற்றார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். திரும்பக் கொண்டுவந்தது வெறும் கூச்சல் இல்லை. ஊர் வியாபாரிகளும் நன்கொடையாளர்களும் மாணவர் அமைப்பும் நகராட்சியும், இவ்வளவு தருகிறோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். 2017-இல் மீண்டும் ஆடி, முதல் சீசனிலேயே 8 வெற்றி. 2018, 2020 இரண்டு வருடமும் கான்ஃபரன்ஸ் பட்டம்.

ஏரிக்கரையான் எழுதியது:

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்! ஊருக்கு வேண்டும் என்றால் ஊர் கொடுக்கும்.

ஐந்தொகை எழுதியது:

இல்லை அண்ணா, நீங்கள் சொன்னது அது இல்லை. எல்லோரும் கட்ட வேண்டும், ரசீதைப் பார்க்கக் கூடாது என்றீர்கள். பர்மிங்ஹாமில் வேண்டும் என்றவர்கள் கையைத் தூக்கிப் பணம் கொடுத்தார்கள். தம்பியின் ஊரில் வேண்டாம் என்பவனும் சேர்த்துக் கட்டுகிறான், அதுவும் வேறு பெயர் போட்ட ஒரு வரியில்.

இன்னொன்று, யுஏபி கதையை 2020-இல் நிறுத்திவிட்டால் அழகாக இருக்கும். கோச் போனார், பெரிய கான்ஃபரன்ஸுக்கு மாறினார்கள், 2023-இல் 4 வெற்றி, 2024-இல் 3. ஜெயிக்கிற வருடங்களை வைத்து வாதம் செய்பவர்கள் எதை மறந்துவிடுகிறார்கள் என்றால், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தோற்றே ஆக வேண்டும். ஃப்ளூட்டி விளைவு ஜெயித்தவனுக்கு. அவனிடம் தோற்றவனும் அதே அளவு செலவு செய்துவிட்டுத்தான் தோற்கிறான். பாஸ்டன் காலேஜ் தனியார் கல்லூரி என்பதையும், ஃப்ளூட்டிக்கு முன்பிருந்தே அங்கே விண்ணப்பங்கள் ஏறிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சும்மாசொல்றேன் எழுதியது:

டிசம்பர் 2 என்றதும் ஞாபகம் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 1939-இல் ஃபுட்பாலை நிறுத்தியது. கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் வாங்கிய ஜே பெர்வாங்கர் ஆடிய அணி அது. சும்மா கிடந்த அந்த ஸ்டேடியத்தின் மேற்கு காலரிக்குக் கீழேதான், 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணுத் தொடர்வினையை ஓடவிட்டது. ஃபுட்பாலை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று கேட்டால் அணுகுண்டு வரும் என்று சொல்லிவிடலாம்.

தனியார் பல்கலைக்கழகம்தான், தெரியும். யாரும் திருத்த வர வேண்டாம். 1969-இல் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், ஸ்காலர்ஷிப் இல்லாத மூன்றாம் டிவிஷனில் இன்றும் ஆடுகிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறார்களாம்.

கட்டணரசீது எழுதியது:

வேடிக்கைக்குச் சொன்னாலும் கடைசி வரி முக்கியமாகப் படுகிறது. நிறுத்துவது, தொடர்வது என்று இரண்டே வழிதானா? பிரிவு இறங்கி ஆட முடியாதா?

ஐந்தொகை எழுதியது:

முடியும். ஐடஹோ பல்கலைக்கழகம் செய்தது. அது இருக்கும் ஊரின் பெயர் மாஸ்கோ. எஃப்பிஎஸ்ஸில் இருந்தவர்களை அவர்களுடைய கான்ஃபரன்ஸ் கழற்றிவிட்டது. 2016-இல், சரி, கீழே போகிறோம் என்று முடிவெடுத்து, 2018-இல் எஃப்சிஎஸ் பிரிவுக்கு வந்தார்கள். தானாக அப்படி இறங்கியது அவர்கள்தான் முதல். அவமானம் என்றார்கள், முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள். ஆனால் அங்கே பக்கத்து மாநில அணிகளோடு ஆட்டம், பயணச் செலவு குறைவு, ஸ்காலர்ஷிப் 85-க்குப் பதில் 63. 2022, 2023, 2024 மூன்று வருடமும் பிளேஆஃப் போனார்கள். மேலே இருந்தபோது அடி வாங்கிக்கொண்டிருந்த அதே அணி.

ஆனால் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுவது லேசு இல்லை. எஃப்பிஎஸ் நுழைவுக் கட்டணத்தை 2023-இல் 5,000 டாலரிலிருந்து 5 மில்லியன் டாலர் ஆக்கிவிட்டார்கள். அதைச் சொல்லியே உங்கள் நிர்வாகம் பயமுறுத்தும்.

இறங்காமல் இருப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் தெரியுமா? அடி வாங்கிப் பணம் வாங்குகிறார்கள். சீசன் ஆரம்பத்தில் பெரிய பல்கலைக்கழகம் உள்ளூரில் சுலபமாக ஜெயிக்க ஒரு ஆள் தேடும். ஒரு மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்துச் சின்ன அணியை வரவழைக்கும். 2024-இல் நார்தர்ன் இல்லினாய் அப்படி 1.4 மில்லியன் வாங்கிக்கொண்டு நோட்டர் டேம் போய், 16-14 என்று ஜெயித்துவிட்டே வந்தது. அது ஊருக்கே திருவிழா. ஆனால் ஆயிரத்தில் ஒன்று. மற்றபடி கணக்கு எழுதும்போது எனக்கு அது அடியாள் கூலி மாதிரிதான் தெரியும்.

ஏரிக்கரையான் எழுதியது:

அடியாள் கூலி என்பது ரொம்ப அதிகம். ஆனால் நான் ரசிக்கும் அணியும் இப்படித்தான் ஆள் கூப்பிடுகிறது, உண்மை.

பெரிய இடத்து ஊதாரித்தனத்தை நானும் ஆதரிக்கவில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-இல் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்ப ஒத்துக்கொண்ட தொகை 75 மில்லியனுக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! அதைக் கேட்டபோது எனக்கே டிவியை அணைக்கத் தோன்றியது. மாணவர் கட்டணத்திலிருந்து இல்லை, விளையாட்டுத் துறை வருமானம், நன்கொடை என்றார்கள். இருந்தாலும்.

தென்றல்87 எழுதியது:

நன்கொடையாளர் பணம், அதனால் பரவாயில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கலிஃபோர்னியாவைப் பாருங்கள். அங்கே பெர்க்லி அரசுப் பல்கலைக்கழகம் தன் ஸ்டேடியத்தை 321 மில்லியன் டாலரில் புதுப்பித்து 2012-இல் திறந்தது. ஹேவர்ட் நிலநடுக்கப் பிளவு மைதானத்துக்கு நேர் கீழே ஓடுகிறது, அதனால் செலவு கூடியது. விலை உயர்ந்த இருக்கைகளைப் பல வருடத்துக்கு விற்றுக் கடனை அடைப்போம் என்றார்கள். நினைத்தபடி விற்கவில்லை. 2018-இல் கடனில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகமே தன் தலையில் ஏற்றுக்கொண்டது. முதலில் நன்கொடையாளர் என்பார்கள், கடைசியில் வகுப்பறை கட்டும்.

அதே மாநிலத்தில் இன்னொரு கூத்து. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகமான யுசிஎல்ஏ பழைய கான்ஃபரன்ஸை விட்டு பிக் டென்னுக்குப் போனதால் பெர்க்லிக்கு வருமானம் குறைந்தது. இரண்டுக்கும் தலைமேல் ஒரே ஆட்சிக் குழு. அந்தக் குழு, யுசிஎல்ஏ வருடம் 10 மில்லியன் டாலர் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்த்து வைத்தது. விவாகரத்து ஜீவனாம்சம்தான்.

ஐந்தொகை எழுதியது:

தம்பியின் கூட்டத்துக்கு உதவும் இன்னும் ஒன்று. 2025 ஜூனில் ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி ஏற்றுக்கொண்ட பிறகு, பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் வருட உச்ச வரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். ஆடுகிறவனுக்கு அது கிடைப்பது நியாயம். இத்தனை காலம் கொடுக்காததுதான் தப்பு. ஆனால் வருமானம் இல்லாத பல்கலைக்கழகம் அந்தப் போட்டியில் இறங்கினால் அது யாருடைய பணம்? நான் சொன்ன உள்ளே சுற்றும் பணம் இல்லை இது. முழுக்க வெளியே போவது. இதுவரை, நஷ்டம் பாதி காகிதத்தில்தான் என்று வாதாட இடம் இருந்தது. இனி அந்த இடம் வருடா வருடம் சுருங்கும்.

வர்ஜீனியாவில் 2015-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசுப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை, தன் வருமானத்தில் எத்தனை சதவீதம் வரை மாணவர் கட்டணத்தையும் பல்கலைக்கழக நிதியையும் நம்பலாம் என்று உச்சவரம்பு. பெரிய கான்ஃபரன்ஸ் என்றால் 20 சதவீதம், மற்ற எஃப்பிஎஸ் அணிகளுக்கு 55. ஐம்பத்தைந்தே தாராளம் என்பேன். ஆனால் வரம்பு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் அப்படி ஏதாவது உண்டா என்று முதலில் பாருங்கள்.

கட்டணரசீது எழுதியது:

தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

நிறுத்து என்று கத்தத்தான் பெயர் கொடுத்தேன். இப்போது அதைக் கேட்கப் போவதில்லை. இரண்டு நிமிடத்தில் மூன்று விஷயம்தான் பேச நினைக்கிறேன். கட்டணச் சீட்டில் ஃபுட்பாலுக்குப் போவதைத் தனி வரியாக, அதன் சொந்தப் பெயரில் போடுங்கள். அதை உயர்த்த வேண்டும் என்றால் மாணவர்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள். ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு டாலர்கூட அந்த வரியிலிருந்து வரக் கூடாது. தனி வரியைப் பார்த்த பிறகும் மாணவர்கள் வேண்டும் என்றால் நானும் கட்டுகிறேன்.

நரம்புமருத்துவன் எழுதியது:

நான்காவதாக ஒன்று சேர்க்க முடியுமா? ஆடி முடித்துப் போனவர்களுக்கு நரம்பியல் பரிசோதனைச் செலவைப் பல்கலைக்கழகம் எத்தனை வருடம் ஏற்கிறது என்று கேளுங்கள். பத்து விநாடி போதும்.

ஏரிக்கரையான் எழுதியது:

தனி வரி போட்டால் வாக்கெடுப்பில் தோற்றுவிடும் தம்பி. அதற்காகத்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

(இதை எழுதிவிட்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நான் எந்தப் பக்கம் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. சரி, இருக்கட்டும்.)

ஐந்தொகை எழுதியது:

தம்பி, கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருடம்தோறும் என்சிஏஏவுக்கு ஒரு நிதி அறிக்கை அனுப்பும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் மாநிலத் தகவல் பெறும் சட்டப்படி அதை நீங்கள் கேட்டு வாங்கலாம். கல்வித் துறை இணையத்தில் வரும் விளையாட்டுக் கணக்கை வைத்துப் பேச வேண்டாம். அதில் வரவும் செலவும் பல இடங்களில் சரிசமமாக முடிந்திருக்கும், எதுவும் தெரியாது. என்சிஏஏ அறிக்கையில் மாணவர் கட்டணம் ஒரு வரி, பல்கலைக்கழகம் நேரடியாகக் கொடுத்தது ஒரு வரி, வெளியூர் போய் ஆடி வாங்கிய கூலி ஒரு வரி, பழைய கோச்சுகளுக்குக் கொடுக்கும் பணம் ஒரு வரி. ஒவ்வொன்றிலும் ஃபுட்பாலுக்கு எவ்வளவு என்று தனிப் பத்தி இருக்கும். ஐந்து வருடத்துக்குக் கேளுங்கள். ஒரே வருடம் என்றால், அது விதிவிலக்கான வருடம் என்பார்கள்.

கட்டணரசீது எழுதியது:

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், ஐந்து வருடத்துக்கும். பெற்றுக்கொண்டோம் என்று தானியங்கிப் பதில் வந்திருக்கிறது. நகல் எடுக்கக் கட்டணம் உண்டாம்.

சும்மாசொல்றேன் எழுதியது:

அந்தக் கட்டணத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.